நடுவழியில் நிற்கும் கடிகாரமும் நமது நடைக்கணக்கும்

நம் வணிகர்களின் மணிக்கட்டில் சில ஆண்டுகளாக ஒரு புதுச் சரக்கு ஏறியிருக்கிறது. மணி காட்டுவதோடு நில்லாமல், எத்தனை அடி நடந்தோம், எவ்வளவு தூரம் ஓடினோம், இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்றெல்லாம் கணக்குச் சொல்லும் கடிகாரம் அது. வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பியது, மருமகன் தலைதீபாவளிக்கு வந்தபோது கட்டிவிட்டது, பேத்தி ஆன்லைனில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வரவழைத்தது என்று, அது வந்து சேர்ந்த வழிகள் பல. வந்ததில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் பாதி நடையில் இந்தக் கடிகாரம் உறைந்து நிற்பதும், தானே அணைந்து தானே எழுவதும், எழுந்த பிறகு அதுவரை நடந்ததையெல்லாம் பூஜ்யம் என்று காட்டுவதும் சிவகிரி வட்டாரத்தில் அன்றாடம் காதில் விழும் புகாராகிவிட்டது.

அரிசி விலை, ஜி.எஸ்.டி., பிளாஸ்டிக் பை அபராதம் என்று ஆயிரம் கவலை இருக்க, வணிகர் இதழில் இதை எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக் கூடும். எழுதத்தான் வேண்டும் என்பது நமது கருத்து. இக்கடிகாரத்தைக் கட்டிக்கொள்பவர்களும் நாம்தான், செல்போன் கடை வைத்து அதை விற்பவர்களும் நம்மவர்கள்தான். கட்டிக்கொள்கிறவரின் உடம்பும் விற்கிறவரின் பெயரும் இதில் சேர்ந்து கிடக்கின்றன.

முதலில் உடம்பைப் பற்றிப் பேசுவோம். காலை ஆறு மணிக்குக் கடை திறந்து, இரவு பத்து மணிக்குப் பூட்டும்வரை கல்லாவை விட்டு எழாத பிழைப்பு நம்முடையது. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது அந்த ஆய்வு. அந்தப் பத்துக் கோடியில் உட்கார்ந்தே தொழில் செய்யும் பலசரக்குக் கடைக்காரர்களுக்கும் மண்டிக்காரர்களுக்கும் உரிய பங்கு இருக்கும் என்பதை ஆராய்ந்து அறிய வேண்டியதில்லை. எந்தச் சங்கக் கூட்டத்திலும் சர்க்கரை போடாத காப்பி எத்தனை டம்ளர் என்று எண்ணிப் பார்த்தாலே போதும். டாக்டர் சொல்லும் முதல் மருந்து நடை. 2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோ மீட்டர் நடைபாதைத் திட்டம் தொடங்கியதும் இதே காரணத்தால்தான்.

இப்படி நடக்கத் தொடங்கிய நம்மவர்கள் கடிகாரத்தைக் கணக்குப் பிள்ளையாக வைத்துக்கொண்டார்கள். கணக்குப் பிள்ளை பாதியில் மயங்கி விழுந்தால் என்ன ஆகிறது? இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கிறோம். ஒருவர், கடிகாரத்தில் ஏறாத நடை நடையே அல்ல என்று எண்ணி, மறுபடி முதலிலிருந்து நடக்கிறார். அறுபது வயதில், ஏற்கெனவே முழங்கால் தேய்ந்தவர், ஒரே காலையில் இரண்டு முறை நடந்துவிட்டு அன்று முழுக்கக் கடையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவர் வெறுத்துப்போய், "கணக்கே வராதபோது எதற்கு நடக்கணும்" என்று மறுநாள் முதல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார். இரண்டாமவரைப் பற்றித்தான் நமக்குக் கூடுதல் கவலை. கடிகாரம் கெட்டதால் நடை நின்றுபோவது, தராசு கெட்டதால் கடையையே பூட்டுவது போன்ற காரியம்.

கடிகாரம் ஏன் நிற்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் குறையும். நடை தொடங்கு என்று அழுத்தியவுடன் அந்தச் சின்ன உடம்புக்குள் ஒரே நேரத்தில் ஏகப்பட்ட வேலை நடக்கிறது. வானத்திலிருக்கும் செயற்கைக்கோள்களைத் தேடிப் பிடித்து நாம் நிற்கும் இடத்தைக் கணிக்க வேண்டும். தோலின் மேல் பச்சை ஒளி பாய்ச்சி நாடியைப் பார்க்க வேண்டும். கை ஆட்டத்தை வைத்து அடிகளை எண்ண வேண்டும். புளூடூத் வழியாகப் போனோடு பேச வேண்டும். இடையில் வாட்ஸ்அப் வந்தால் அதையும் காட்ட வேண்டும். இத்தனைக்கும் உள்ளே இருப்பது சின்னஞ்சிறு பேட்டரி, போனில் இருப்பதைவிட மிகக் குறைந்த நினைவகம். தீபாவளி முதல்நாள் மாலையில் ஒரே ஒரு பையனை வைத்துக்கொண்டு பொட்டலம் கட்டுவதும், பில் போடுவதும், போன் எடுப்பதும், பாக்கி வசூலிப்பதும் எப்படியோ அப்படித்தான் இதுவும். எங்காவது ஒரு இடத்தில் பையன் திகைத்து நின்றுவிடுவான்.

அப்படித் திகைத்து நின்றால், உள்ளேயே இருக்கும் ஒரு காவல் ஏற்பாடு கடிகாரத்தை அணைத்து மறுபடி எழுப்பும். நாம் பார்க்கும் 'தானே அணைந்து தானே எழுவது' பல சமயம் அதுதான். சில கடிகாரங்கள் நடைக்கணக்கை அவ்வப்போது நினைவகத்தில் எழுதி வைத்துக்கொண்டே வருகின்றன. அவற்றில் விழுந்த நிமிடம் வரையிலான கணக்கு பெரும்பாலும் மிஞ்சும். சில, முடி என்று நாம் அழுத்திய பிறகுதான் எழுதுகின்றன. அவை நடுவில் விழுந்தால் எல்லாம் போயிற்று. வாங்கும்போது இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை.

இது மலிவுச் சரக்கின் நோய் என்று எண்ணிவிடக் கூடாது. ஓட்டக்காரர்கள் பெரிதும் நம்பும் கார்மின் கடிகாரங்கள் 2025 ஜனவரி 28-ஆம் தேதி உலகின் பல நாடுகளில் ஒரே நாளில் விழுந்தன. ஓட்டம் தொடங்க அழுத்தி, கடிகாரம் செயற்கைக்கோளைத் தேடப் போனதும் திரையில் ஒரு நீல முக்கோணம் மட்டும் நின்றது. அணைத்து எழுப்பினாலும் அதே முக்கோணம். பல்லாயிரம் ரூபாய் கொடுத்தவர்களும் அன்று கையில் வளையல் போட்டதுபோலத்தான் நின்றார்கள். பட்டனை நெடுநேரம் அழுத்தி அணைத்து எழுப்பி, பிறகு போனிலுள்ள ஆப்போடு இணையுங்கள் என்று நிறுவனம் வழி சொன்னது. பலருக்கு அதில் சரியாயிற்று. சிலர் கடிகாரத்தை முழுவதும் அழித்துப் புதிதாகத் தொடங்கும் அளவுக்குப் போக நேர்ந்தது.

அதே நிறுவனத்துக்கு 2020 ஜூலையில் வேறு விதமான ஆபத்து வந்தது. கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் திருட்டுக் கும்பலின் தாக்குதலால் அதன் இணையச் சேவை பல நாள் முடங்கியது. ஆனால் அப்போது மணிக்கட்டிலிருந்த கடிகாரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, கணக்கையும் தமக்குள் வைத்திருந்தன. சேவை திரும்பியதும் கணக்கு மேலே ஏறியது. இந்த வித்தியாசத்தை நம் வணிகர்கள் நன்கு மனதில் வைக்க வேண்டும். கடிகாரமே விழுவது வேறு, எங்கோ இருக்கும் தலைமை ஆபீஸ் விழுவது வேறு. போனில் நடைக்கணக்கு தெரியவில்லை என்றதும் கடிகாரத்தை அழித்துவிடுகிறவர்கள், பத்திரமாக இருந்த சரக்கைத் தாமே குப்பையில் கொட்டுகிறார்கள்.

நமக்கு இந்த அனுபவம் புதிதும் அல்ல. 2018 பிப்ரவரி 1-ஆம் தேதி இ-வே பில் கட்டாயமான முதல் நாளே இணையதளம் படுத்துக்கொண்டு, சரக்கு லாரிகள் அங்கங்கே நின்றதும், பிறகு அது ஏப்ரல் 1-க்குத் தள்ளிப்போனதும் மொத்த வியாபாரிகளுக்கு மறந்திருக்காது. 2025 ஏப்ரல் 12, ஒரு சனிக்கிழமை, யு.பி.ஐ. பல மணி நேரம் தடுமாறியபோது, கியூ.ஆர். அட்டையை மட்டும் நம்பிச் சில்லறை வைக்காத கடைக்காரர் கையைப் பிசைந்தார். கல்லாவில் பத்தும் இருபதும் வைத்திருந்தவர் வியாபாரம் செய்தார். நடைக்கும் அதே கல்லாச் சில்லறை வேண்டும் என்கிறோம்.

அந்தச் சில்லறை என்ன? நம் தாத்தாக்கள் வைத்திருந்த சிட்டாதான். பேரேட்டில் ஏற்றுவதற்கு முன் அன்றாட வரவு செலவைக் கிறுக்கி வைக்கும் அந்த மஞ்சள் நோட்டு. நடைக்கும் ஒரு சிட்டா போடுங்கள். தினத்தாள் காலண்டர் தாளின் ஓரத்தில் புறப்பட்ட மணி, திரும்பிய மணி, இரண்டை மட்டும் எழுதினால் போதும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. அது நிமிடக் கணக்கு. அடிக் கணக்கே அல்ல. வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் என்றால் மிதமான வேகம். இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம், சுவர்க் கடிகாரம் போதும்.

தினம் பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்று துடிக்கிறவர்களுக்கு ஒரு சங்கதி. அந்தப் பத்தாயிரம் பிறந்தது மருத்துவமனையில் அல்ல, கடையில். ஜப்பானில் 1965-இல் அடி எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. அதன் பெயரே அவர்கள் மொழியில் 'பத்தாயிரம் அடி மானி' என்பதுதான். சரக்கின் பெயர் உலகத்தின் விதியாகிவிட்டது. அந்த வியாபாரியின் சாமர்த்தியத்துக்கு நாம் ஒரு கும்பிடு போடலாம். அதற்காக 9,400-இல் கடிகாரம் உறைந்துவிட்டது என்று இரவு பதினோரு மணிக்கு வீட்டு மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்து குடும்பத்தைத் தூங்கவிடாமல் செய்யத் தேவையில்லை.

தூரம் தெரிய வேண்டுமென்றால் நமக்குத் திருமங்கலம்-கொல்லம் நெடுஞ்சாலையே அளவுகோலாக இருக்கிறது. கிலோ மீட்டர் கல் உண்டு. அவற்றுக்கிடையே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சிறு கல் நடுவதும் வழக்கம். சாலை வேலையில் பிடுங்கப்படாமல் கல் நிற்கும் இடங்களில் அது கடிகாரத்தைவிட நேர்மையாக அளக்கும்.

அந்தச் சாலையைப் பற்றிச் சொல்லும்போது நம் பிள்ளைகளின் நினைவு வருகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளும் கடைப் பையன்களும் விடியுமுன் ஓடிப் பழகுவது பெரும்பாலும் சீருடைப் பணித் தேர்வுக்காக. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 நொடி. கடிகாரத்தின் ஜி.பி.எஸ். கணக்கில் சில பத்து மீட்டர் முன்பின் ஆவது சாதாரணம். 1500 என்று அது காட்டும்போது உண்மையில் 1450 ஓடியிருந்தால், பையன் ஆறே முக்கால் நிமிடத்தில் முடித்துவிட்டதாக மகிழ்ந்து, தேர்வன்று மைதானத்தில் ஏழு நிமிடத்தின் விளிம்பில் தடுமாறுவான். நடுவில் கடிகாரம் செத்துப்போனால் அன்றைய ஓட்டம் எவ்வளவு என்பதும் தெரியாது. 400 மீட்டர் வட்டப்பாதை உள்ள மைதானத்தில் மூன்றே முக்கால் சுற்று ஓடினால் 1500 மீட்டர். பத்து ரூபாய்ச் சாக்கட்டியால் கோடு போட்டு, ஒருவன் ஓட மற்றவன் சாதாரண நிறுத்தற் கடிகாரத்தைப் பிடித்தால் கணக்கு தவறவே தவறாது. மாதத்தில் ஒரு ஞாயிறாவது இப்படி ஓடிப் பார்க்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. நெடுஞ்சாலையில் ஓடும்போது கடிகாரம் நின்றால், அங்கேயே நின்று குனிந்து பட்டனைத் தட்டிக்கொண்டிருக்கும் வழக்கம் இளைஞரிடம் இருக்கிறது. கேரளாவுக்குச் சரக்கேற்றிப் போகும் லாரிகள் விடியற்காலை இருட்டில் அதே சாலையில்தான் வருகின்றன. கடிகாரம் போனால் போகட்டும். ஓரம் இறங்கி, மண்ணில் நின்று, பிறகு பார்க்கலாம். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறோம்.

இனி, நின்ற கடிகாரத்தை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு. முதலில் நடையை முடித்துவிடுங்கள். எல்லாப் பட்டனையும் ஒருசேர அழுத்தாதீர்கள். ஒரு நிமிடம் சும்மா விட்டால் பல கடிகாரங்கள் தாமே எழுந்துகொள்ளும். எழாவிட்டால் பக்கத்துப் பட்டனைப் பத்து இருபது நொடி விடாமல் அழுத்தினால் அணைந்து எழும். இதில் பொதுவாகக் கணக்கு அழியாது. 'ஃபேக்டரி ரீசெட்' என்பது வேறு. அது கடையைக் காலி செய்து சுண்ணாம்பு அடிப்பது மாதிரி. கடிகாரத்திலிருந்து போனுக்கு ஏறாத கணக்கெல்லாம் அத்தோடு போய்விடும். ஆகவே முதலில் போனோடு இணைத்து, உள்ளிருப்பதை ஏற்றிக்கொண்ட பிறகே அந்த வேலைக்குப் போக வேண்டும்.

அடிக்கடி நிற்கும் கடிகாரம் என்றால் சில பழக்கங்களை மாற்றிப் பார்க்கலாம். அப்டேட் வந்திருக்கிறது என்று காலை ஐந்து மணிக்குக் கடிகாரம் கேட்டால் சரி என்று அழுத்தாமல், இரவில் சார்ஜில் போட்டுவிட்டு அதைச் செய்யுங்கள். முக்கால் பங்கு சார்ஜாவது இல்லாமல் நெடுநடைக்குக் கிளம்ப வேண்டாம். முருகன் படம், பேரன் படம், ஓடுகிற குதிரை என்று கண்ட இடத்திலிருந்து இறக்கிய முகப்புகளை எடுத்துவிட்டு, கம்பெனி கொடுத்த முகப்பையே ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். முருகன் கோபிக்க மாட்டார். வேர்வை ஈரத்தைத் தொடுதிரை விரல் என்று எண்ணி நடையைத் தானே முடித்துவிடுவதும் உண்டு; நடக்கும்போது திரையைப் பூட்டிவிடும் வசதி பல கடிகாரங்களில் இருக்கிறது. பல சமயம் குற்றம் கடிகாரத்தில் இருப்பதே இல்லை. போன், பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று சொல்லிக் கடிகாரத்தின் ஆப்பைப் பின்னாலிருந்து நிறுத்திவிடும். போனின் பேட்டரி அமைப்பில் அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்துவிடுகிறது. சில மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் நடைக்கணக்கைப் பார்த்துப் புதுப்பிப்புத் தொகையில் சலுகை தருகின்றன. அப்படிப்பட்ட பாலிசி எடுத்தவர்கள் வாரம் ஒருமுறை கணக்கைத் திரைப்படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

இதய நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கடிகாரம் காட்டும் நாடி, பட்டை தளர்ந்திருந்தாலே தப்பாகிவிடும். நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத் திணறலோ வந்தால், கடிகாரம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் உட்கார்ந்துவிடுங்கள், ஆள் கூப்பிடுங்கள்.

இதுவரை கட்டிக்கொள்பவருக்குச் சொன்னோம். விற்பதைப் பற்றி நமக்கு ஒரு வழக்கு இருக்கிறது. நமது மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும். பத்து கிராம் தவறினால் சட்டம் நம் கடை வாசலில் நிற்கும். நிற்பது நியாயம்தான், நாம் குறை சொல்லவில்லை. ஆனால் மனிதனின் நாடியையும் நடையையும் அளப்பதாகச் சொல்லிக் கோடிக்கணக்கில் விற்பனையாகும் கருவிக்கு அப்படி ஒரு முத்திரை உண்டா? இது மருத்துவக் கருவி அல்ல என்று பெட்டியின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி. அத்தோடு கடமை முடிந்தது. நமது கடையில் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில்கூடத் தயாரித்த தேதியும் உண்ணத் தக்க காலமும் இருக்கின்றன. கடிகாரத்தின் மென்பொருளுக்கும் காலாவதி உண்டு. இரண்டு மூன்று ஆண்டில் அப்டேட் வருவது நின்றுவிட்டால், போன் மட்டும் புதிதாகிக்கொண்டே போக, கடிகாரம் அதனோடு ஒத்துப்போகாமல் தடுமாறும். அந்தத் தேதி மட்டும் பெட்டியில் இல்லை.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இணையத்தோடு சேரும் வீட்டுப் பொருள்களுக்கு, பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எவ்வளவு காலம் வரும் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நமது நாட்டிலும் பெட்டியின் மேலேயே, விலைக்குப் பக்கத்தில், அந்தத் தேதி அச்சாக வேண்டும். இதை வணிகர் சங்கங்கள்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது நமது திடமான எண்ணம். ஏனென்றால் பொருள் நின்றுபோனால் வாங்கியவர் தேடி வருவது தொழிற்சாலைக்கு அல்ல, நம் கடைக்குத்தான். 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விற்பவரையும் பொறுப்பில் சேர்க்கிறது. தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தை நாமாக வாய்க்கு வந்தபடி கொடுத்திருந்தால் அது நம் தலையில்தான் விழும். "அண்ணாச்சி, தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாது, அஞ்சு வருசம் ஓடும்" என்று சொல்லி விற்கும் பழக்கத்தை நமது செல்போன் கடை நண்பர்கள் விட்டுவிட வேண்டும். தயாரிப்பாளர் யாரென்றே காட்ட முடியாத பெயரில்லாப் பெட்டிகளை வாங்கி அடுக்குவதும் அதே போன்ற ஆபத்து.

விற்கும்போதே வாங்குபவரின் போனில் ஆப்பை ஏற்றி, கடை வாசலில் நூறு அடி நடக்கவைத்து, கணக்கு போனில் ஏறுகிறதா என்று பார்த்து அனுப்பினால் பாதிச் சண்டை வராது. பில்லில் மாடல் பெயரையும் வரிசை எண்ணையும் எழுதுங்கள். சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது, கூரியரில் அனுப்பினால் யார் செலவு என்பதையும் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள். இங்கிருந்து ஒரு கடிகாரத்துக்காக மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போய்வருவதென்றால் ஒரு நாள் வியாபாரம் போயிற்று என்று வாங்குபவருக்கும் தெரியட்டும். தயாரிப்பாளர் பதில் சொல்லாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. இந்த இரண்டையும் வாடிக்கையாளருக்கு நாமே எடுத்துச் சொன்னால், அவர் நம்மேல் வழக்குப் போடுவாரோ என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்துச் சொன்ன கடைக்காரரை விட்டுவிட்டுத் தயாரித்தவரைத்தான் வாடிக்கையாளர் பிடிப்பார்; அடுத்த முறை எண்ணெயும் பருப்பும் வாங்க நம்மிடமே வருவார்.